பேச்சா, தாடையா? அண்ணப் பிளவு வைத்தியத்தின் இருநூறு ஆண்டு இழுபறி

நன்னூல் படித்தவர்களுக்கு எழுத்துகளின் பிறப்பு என்ற பகுதி நினைவிருக்கும். உள்ளிருந்து எழும் காற்று நெஞ்சு, கழுத்து, தலை, மூக்கு என்ற நான்கு இடங்களில் பொருந்தி, இதழ், நாக்கு, பல், அண்ணம் என்ற நான்கின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாக மாறுகிறது என்று அதில் வரும். தொல்காப்பியத்திலும் பிறப்பியல் என்று ஓர் இயலே உண்டு. பகரத்துக்கு இரண்டு உதடும் கூட வேண்டும். வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தகரத்துக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இதைப் பள்ளிக்கூடத்தில் நடத்தியவன் நான். மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நான்கில் ஒன்று பிறவியிலேயே உடைந்திருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

உலகில் ஏறக்குறைய எழுநூறு குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ, அண்ணத்திலோ, இரண்டிலுமோ பிளவோடு பிறக்கிறது. நம் பக்கத்தில் கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததுதான் காரணம் என்பார்கள். அந்தப் பழியைச் சுமந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். உண்மையில் கருவுக்கு ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் முகத்தின் இரண்டு பக்கமும் வந்து நடுவில் ஒட்ட வேண்டும். அது ஒட்டாமல் நின்றுபோவதே பிளவு. தாய் வெளியே வந்ததற்கும் வானத்துக்கும் அதில் பங்கில்லை.

அண்ணம் இரண்டு பகுதி. முன்னால் எலும்பு உள்ளது வல்லண்ணம். பின்னால் தசையாலானது மெல்லண்ணம். அதன் முனையில் தொங்குவதுதான் உள்நாக்கு. மெல்லண்ணம் ஒரு கதவு மாதிரி. மேலே எழுந்து தொண்டையின் பின்சுவரோடு சேர்ந்தால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும்; தாழ்ந்தால் திறக்கும். ங, ஞ, ண, ந, ம, ன சொல்லும்போது கதவு திறந்திருக்கும். க, ச, ட, த, ப, ற சொல்லும்போது மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் வாய்க்குள் காற்று அழுத்தமாக நின்று வெடிக்கும். வல்லினம், மெல்லினம் என்று நம் முன்னோர் பிரித்த பிரிவுக்கு உடம்பில் இருக்கும் ஆதாரம் இந்தக் கதவுதான். கதவே பிளந்திருந்தால் வல்லினம் எல்லாம் மூக்கு வழியே ஒழுகிவிடும். 'பாப்பா' என்பது 'மாம்மா' மாதிரி கேட்கும். சில குழந்தைகள் இன்னொரு தந்திரம் கண்டுபிடிக்கும். வாயில் நிற்காத காற்றைத் தொண்டைக்குள்ளேயே வெட்டி வெட்டி விடும். அது பழகிவிட்டால், பின்னாளில் அண்ணத்தை மூடினாலும் அந்தப் பழக்கம் தானாகப் போகாது.

இது பாதிக் கதை. மீதிப் பாதி பல்லில் இருக்கிறது. உதட்டிலிருந்து அண்ணம் வரை ஓடும் பிளவு ஈறு எலும்பையும் பிளந்துகொண்டுதான் போகும். அந்த இடத்தில் முளைக்க வேண்டிய பக்கத்து வெட்டுப்பல் பலருக்கு முளைப்பதே இல்லை; முளைத்தாலும் திரும்பிக்கொண்டு நிற்கும். மேல்வரிசை குறுகி உட்பக்கம் சாயும். வளர வளர மேல்தாடை பின்தங்கி, கீழ்த்தாடை முன்னால் துருத்தும். மேற்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் விழுவதற்குப் பதில் பின்னால் விழும்.

இப்போது நன்னூலைத் திரும்பப் பாருங்கள். மேற்பல் கீழுதட்டைத் தொட முடியாததால், வகரத்துக்குக் கீழ்ப்பல் போய் மேலுதட்டைத் தொடும். பகர மகரங்களுக்கு உதடு இரண்டும் நேராகக் கூடாது. தகரம் சொல்லும் நாக்கு பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். சகரம்தான் பெரிய பாடு. நாக்கின் நடுப்பள்ளத்தில் ஓடி முன்பல் விளிம்பில் பட்டு வர வேண்டிய மெல்லிய காற்று, பக்கவாட்டில் சிதறி 'சளசள' என்று வரும். குறுகிய அண்ணத்துக்குள் நாக்குக்கு இடம் போதாமல் பின்னால் தள்ளப்படுவதால் டகரமும் லகரமும் இடம் மாறும். பல் கோணலாக இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் பேச்சு கெடுவதில்லை. நாக்கு கெட்டிக்காரத்தனமாக வளைந்து கொடுக்கும். ஆனால் அண்ணமும் பழுது, பல்லும் பழுது என்றால் அதன் கெட்டிக்காரத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

1970களின் கடைசியில் எட்டாம் வகுப்பில் எனக்கு அப்படி ஒரு மாணவன் இருந்தான். ஆறு வயதில் அண்ணத்தை மூடி ஆபரேஷன் செய்திருந்தார்கள். கட்டுரை எழுதினால் வகுப்பிலேயே முதல். வாய்திறந்து வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்கவே தயங்குவான். எதைக் கேட்டாலும் 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்வான். அந்த இரண்டு சொல்லிலும் வல்லினம் கிடையாது என்பதைக் கவனித்தால் அவன் எவ்வளவு புத்திசாலி என்று தெரியும். அவன் பேச்சில் இரண்டு விதமான பிழை இருந்தது. பகரமும் ககரமும் மூக்கால் போகும். அது அண்ணத்தின் குறை. சகரம் பக்கவாட்டில் சிதறும். அது துருத்திய கீழ்த்தாடையின் குறை. அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே சார், இன்னும் ஏன் பேச்சு திருந்தல?" அந்தக் கேள்வியோடு உலகத்து வைத்தியர்கள் இருநூறு வருடமாக மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள்.

உதட்டுப் பிளவைத் தைப்பது பழைய வித்தை. சீனாவில் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வெய் யோங்ஜி என்ற ஏழை இளைஞனுக்குப் பதினெட்டு வயதில் உதட்டை வெட்டித் தைத்தார்கள். நூறு நாள் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், சிரிக்கவோ பேசவோ கூடாது என்று வைத்தியர் கட்டளை. அவன் அப்படியே இருந்து தேறி, பின்னாளில் ஆளுநர் பதவி வரை உயர்ந்தான் என்று ஜின் வம்ச வரலாறு சொல்கிறது.

உதடு வெளியே இருக்கிறது, கைக்கு எட்டும். அண்ணம் அப்படியில்லை. 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை வைத்தியர் ஆம்பிரோய்ஸ் பாரே, நோயாலும் காயத்தாலும் அண்ணத்தில் துளை விழுந்தவர்களுக்குத் தங்கத்திலோ வெள்ளியிலோ ஒரு தகடு செய்து கொடுத்தார். தகட்டின் மேல்பக்கம் ஒரு பஞ்சு. மூக்கின் ஈரத்தில் அது ஊதித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். துளையை அடைத்தால் பேச்சு தெளிகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மெல்லண்ணத்தை முதலில் தைத்தவர்களில் ஒருவர் பெர்லினைச் சேர்ந்த கார்ல் ஃபெர்டினாண்ட் வான் கிரேஃபே, 1816இல். அவருக்கு மூன்று வருடம் கழித்து, 1819இல் பாரிஸில் ஃபிலிபேர் ரூ என்ற நிபுணரிடம் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வந்திருந்த ஒரு மருத்துவ மாணவர் சிக்கினார். பெயர் ஜான் ஸ்டீவன்சன். பிறவியிலேயே மெல்லண்ணம் பிளந்தவர். டாக்டருக்குப் படிக்கிறார், ஆனால் பேச்சு மற்றவர்களுக்குப் புரிய மாட்டேன் என்கிறது. மயக்க மருந்து வந்தது 1846இல்தான். ஆக, முழு நினைவோடு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தையலைத் தாங்கினார். தையல் பிடித்தது, பேச்சும் தெளிந்தது. மறுவருடம் எடின்பரோவில் அந்த ஆபரேஷனையே பொருளாக வைத்து லத்தீனில் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பி, பின்னாளில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவாக மாறிய கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பேச முடியாதிருந்தவர் விரிவுரையாளர் ஆனார்.

1861இல் ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் வான் லாங்கன்பெக் அடுத்த படி ஏறினார். வல்லண்ணத்தின் எலும்பை மூடியிருக்கும் தோலை, எலும்பின் மேல்சவ்வோடு சேர்த்து இரண்டு பக்கமும் பெயர்த்து நடுவில் கொண்டுவந்து தைத்தார். ஓட்டை மூடியது. இருந்தும் பலருக்குப் பேச்சு மூக்கால்தான் வந்தது. மூடிய அண்ணம் குட்டையாக இருந்ததால் பின்சுவரை எட்டவில்லை. கதவு வந்துவிட்டது, நிலைப்படியைத் தொடவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் நார்மன் கிங்ஸ்லி என்ற பல் வைத்தியர் வேறு வழியில் போனார். சிற்பக்கலையிலும் கைதேர்ந்தவர். 1859 வாக்கில் மிருதுவான ரப்பரில் செயற்கை அண்ணம் செய்தார். 1880இல் வாய்க் குறைபாடுகள் பற்றி அவர் எழுதிய பெரிய நூலில் கோணல் பல், அண்ணப் பிளவு, பேச்சு உண்டாகும் விதம் மூன்றும் ஒரே அட்டைக்குள் இருந்தன. மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்று ஒரு பல் வைத்தியர் அன்றே கண்டுகொண்டார். ஆனால் அறுவை நிபுணர் ஒரு பக்கம், பல் வைத்தியர் ஒரு பக்கம் என்று அவரவர் வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்த காலம் அது.

அந்தச் சுவரை இடித்தவர்கள் 20ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். பாரிஸில் விக்டர் வோ என்ற அறுவை நிபுணர், தாம் மூடிய அண்ணங்கள் சரியாகப் பேசுகின்றனவா என்று பார்க்க 1920களில் சூசன் போரெல் என்ற இளம் பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் போரெல் மேசோனி என்று பெயர் பெற்ற அந்த அம்மையார்தான் பிரான்ஸில் பேச்சுப் பயிற்சி என்ற துறையையே கட்டி எழுப்பியவர். 1938இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் என்ற ஊரில் ஹெர்பர்ட் கூப்பர் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் அண்ணப் பிளவுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். அறுவை நிபுணர், பல் டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே குழந்தையைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசும் முறை அங்கேதான் வேர் பிடித்தது.

ஒன்றாக உட்கார்ந்தால் சண்டையும் வரும். 1949இல் தாமஸ் கிரேபர் என்ற அமெரிக்கப் பல்சீரமைப்பு நிபுணர் ஒரு குண்டைப் போட்டார். சிறு வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் மேல்தாடை, செய்துகொள்ளாதவர்களுடையதைவிடக் குன்றியிருக்கிறது என்று எக்ஸ்ரே படங்களை அளந்து காட்டினார். காரணம் எளிது. அண்ணத்தின் தோலை நடுவுக்கு நகர்த்தும்போது பக்கங்களில் எலும்பு வெறுமையாக நிற்கும். அந்தப் புண் தழும்பாக ஆறும். தழும்பு சுருங்கும், வளராது. வளர வேண்டிய மேல்தாடையை அது கயிறு போலக் கட்டிப்போடும். பேச்சுக்காகச் செய்த வைத்தியமே பல்வரிசையைக் கெடுத்து, அந்தப் பல்வரிசை திரும்பப் பேச்சைக் கெடுக்கிறது.

அப்படியானால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் என்ன? ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஷ்வெக்கெண்டீக் என்ற மருத்துவர் 1940களில் தொடங்கி அதைத்தான் செய்தார். மெல்லண்ணத்தை மட்டும் சீக்கிரம் மூடிவிட்டு, வல்லண்ணத்தை ஒரு தகட்டால் அடைத்து வைத்து, பன்னிரண்டு பதினான்கு வயதுக்குமேல் மூடுவார். அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு போய் அந்த நோயாளிகளைப் பரிசோதித்து 1984இல் முடிவை வெளியிட்டது. முகமும் தாடையும் நன்றாக வளர்ந்திருந்தன. பேச்சுதான் பலருக்கும் சரியாக அமையவில்லை.

இதற்கான திட்டமான சான்று கிடைத்த இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கையின் தென்கோடியில் உள்ள காலி நகரம். 1980களின் நடுவில் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து மைக்கேல் மார்ஸ் என்ற பல்சீரமைப்பு நிபுணரும் டேவிட் ஜேம்ஸ் என்ற அறுவை நிபுணரும் அங்கே வந்தார்கள். காலியில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த லமபதுசூரிய அவர்களோடு இணைந்தார். ஆபரேஷனே இல்லாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்களும் வாலிபர்களும் நூற்றுக்கணக்கில் வந்து நின்றார்கள். மேலை நாட்டில் பார்க்கவே கிடைக்காத நிலை அது. வந்தவர்களுக்கு இலவசமாக வைத்தியம் செய்து, பல் அச்சும் எக்ஸ்ரேயும் எடுத்து, பேச்சையும் பதிவு செய்தார்கள்.

1990இல் வெளியான முடிவுகள் இரண்டு. ஒன்று, ஆபரேஷன் ஆகாதவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. பிளவு தாடையைக் குன்ற வைப்பதில்லை. தழும்புதான் குன்ற வைக்கிறது. இரண்டு, டெபி செல், பமீலா க்ரன்வெல் என்ற இருவர் ஆராய்ந்த பேச்சு. பதின்வயதில் அண்ணத்தை மூடியவர்களுக்கு, ஓட்டை மூடிய பிறகும் பேச்சு பெரும்பாலும் திருந்தவில்லை. நாக்கும் தொண்டையும் சின்ன வயதில் கற்றுக்கொண்ட கோணல் வழியையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

ஆக, இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகக் காப்பாற்ற முடியாது. எதை முதலில் காப்பாற்றுவது? உலகம் பேச்சையே தேர்ந்தெடுத்தது. தாடை கெட்டால் பின்னால் நிமிர்த்தலாம். மொழி பழகும் வயது திரும்ப வராது. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. அண்ணம் மட்டும் பிளந்த 558 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதத்திலும் மறு பாதிக்குப் பன்னிரண்டு மாதத்திலும் ஆபரேஷன் செய்தார்கள். ஐந்து வயதில் சோதித்தபோது, மூக்குக்கான கதவு சரியாக மூடாத குழந்தைகள் முதல் குழுவில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 15 சதவீதம்.

தாடையை நிமிர்த்தும் வித்தைகளும் இதற்கிடையில் வளர்ந்தன. 1972இல் பாய்ன், சாண்ட்ஸ் என்ற இருவர், ஈறு எலும்பின் பிளவில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை வைத்து நிரப்பும் முறையைச் சொன்னார்கள். கோரைப்பல் முளைப்பதற்கு முன், எட்டிலிருந்து பதினோரு வயதுக்குள் செய்தால் அந்தப் பல் புது எலும்பு வழியாகவே இறங்கி வரும். பிறகு கிளிப் போட்டு வரிசையைச் சீராக்கலாம். அதற்கும் அடங்காத தாடையை, வளர்ச்சி நின்ற பிறகு அறுத்து முன்னால் நகர்த்தலாம். அல்லது கருவி பொருத்தித் தினம் ஒரு மில்லிமீட்டராக இழுக்கலாம். இழுக்கும் முறையின் மூலம், ரஷ்யாவில் இலிசரோவ் கால் எலும்புக்குக் கண்டுபிடித்தது.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. மேல்தாடையை முன்னால் கொண்டுவந்தால் மெல்லண்ணமும் கூடவே முன்னால் வரும்; கதவுக்கும் பின்சுவருக்கும் இடைவெளி கூடும். சகரம் தெளியும், ஆனால் விளிம்பில் நிற்கும் சிலருக்குப் பழைய மூக்கொலி திரும்பிவிடும். அதனால் தாடை ஆபரேஷனுக்கு முன்பே பேச்சைச் சோதிக்கிறார்கள். இருநூறு வருட இழுபறி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இதை வாசிக்கும் தாத்தா பாட்டிகளுக்கு நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், தையல் போட்டதோடு வைத்தியம் முடிந்தது என்று யாரையும் நினைக்க விடாதீர்கள். உதட்டுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம், அண்ணத்துக்கு ஒரு வயதை ஒட்டி, பிறகு பேச்சுப் பயிற்சி, எட்டு வயதுக்குமேல் எலும்பும் பல்லும், பதினெட்டு வயது வாக்கில் தேவைப்பட்டால் தாடை. இது ஒரு நீண்ட பயணம். நடுவில் காதையும் பார்க்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கட்டிக் கேட்கும் திறன் குறைவது சகஜம். கேளாத ஒலியைக் குழந்தை எப்படிச் சொல்லும்? 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வரும் அந்த டாக்டர் குழுவிடம் காட்டினால் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள்.

பெரியவர்களால் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. குழந்தை பேசும்போது எந்த எழுத்து எப்படிக் கெடுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். பகரமும் ககரமும் மூக்கால் போனால் அண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சகரமும் தகரமும் மட்டும் சிதறினால் பல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். கோணல் வரிசை இருக்கும்வரை, 'சரியாச் சொல்லு' என்று அதட்டிப் பயனில்லை. தொண்டையில் வெட்டிப் பேசினால் பேச்சுப் பயிற்சிதான் மருந்து. எழுத்துக்குப் பிறப்பிடம் உண்டு என்று நம் இலக்கணம் சொன்னது தேர்வுக்காக மட்டும் இல்லை. எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தால்தான் எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியும்.